நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசியா?

‘குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் ஊசி ஆட்டு மூளையில் செய்தது, தொப்புளைச் சுற்றி 14 போடுவார்கள்’ என்று நீலகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

1907இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஒரு காலத்தில் ஆட்டு மூளைத் தடுப்பூசி தயாரித்தது உண்மைதான்; அன்று உயிர் காத்ததும் அதுதான். இந்தியாவில் அது 2004 கடைசியோடு நின்றுவிட்டது. அதற்கு முன்பே குன்னூர் ஆய்வாளர்கள் வீரோ செல்லில் (ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்) வளர்த்த தடுப்பூசியை உருவாக்கிவிட்டார்கள். தேயிலையை நம்பியிருந்த மலையில் பலருக்கு வேலை தந்த ஆய்வுக்கூடம் அது, அதன் பேரில் பயம் பரப்பாதீர்கள்.

இப்போது அரசு மருத்துவமனையில் இலவசமாக, கையில்தான் ஊசி: முதல் ஊசி போடும் நாளை 0 என்று எண்ணினால், அப்புறம் 3, 7, 28ஆம் நாட்கள். கடித்ததும் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே தடுக்கும் தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) போட வேண்டும், கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.