பெரட்டுக் களத்து மரம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய தோட்டத்தில் போன மாதம் மண்வாரி இறங்கியது. முதல் நாளே லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், வேலிகள் போய்விட்டன. மறுநாள், வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடும் பெரட்டுக் களத்துத் தூங்குமூஞ்சி மரம்.

விடியுமுன் பெயர் கூப்பிடும்போது அம்மா நின்ற இடம் அந்த மரத்தடிதான். மலாய்க்காரர்கள் அதைப் 'புக்கோல் லிமா' என்பார்கள், ஐந்து மணி மரம். சாயங்காலம் இலை மூடினால் வீடு திரும்ப நேரமாகிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். மூன்று பேர் கை கோத்தாலும் கட்ட முடியாத மரம்.

தோட்ட நிலத்தில் தாமான், அதாவது புது வீடமைப்புக் குடியிருப்பு, வரட்டும். லயத்தில் வளர்ந்த எனக்குச் சொந்த வீட்டின் அருமை தெரியும். ஆனால் வீட்டைக் கோடு போடும் முன்பே மரத்தைக் குறிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995-இல் மரங்களுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. பட்டுப்போன மரம், ஆபத்தான மரம் என்றால் விலக்கு உண்டு. மனைத் திட்ட வரைபடத்தில் அப்படிப்பட்ட மரங்கள் எங்கே நிற்கின்றன, என்ன வகை என்று காட்ட வேண்டும். மற்ற செடிகொடிகளையும்தான்.

அந்த வரைபடத்தைக் கேட்டேன். யாரும் காட்டவில்லை. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஆட்சேபம் கேட்டு அக்கம்பக்க நில உரிமையாளர்களுக்குத்தான் கடிதம் போகும், 21 நாள் அவகாசத்தோடு. நாற்பது வருஷம் லயத்தில் இருந்தவர்கள் நில உரிமையாளர்கள் இல்லையே! இதுதான் எனக்கு ஆறவில்லை.

வேலிக்காக யாரும் அழமாட்டார்கள். ஆனால் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் முருங்கையும் கலந்து நின்ற வேலி அது. தையல்சிட்டு கூடு கட்டும். சரிவு மண்ணை அதன் வேர்தான் பிடித்து வைத்திருந்தது. இப்போது ஒரு மழைக்கே கால்வாயில் செம்மண் ஓடுகிறது.

இன்னும் கோயில் அரசமரமும் சாலையோரத்துத் தூங்குமூஞ்சிகளும் நிற்கின்றன. வெட்டாமல் விட்டால் மட்டும் போதாது. கிளை விரிந்த அளவுக்காவது சுற்றித் தடுப்புப் போட வேண்டும். லாரி ஏறி மண் இறுகினால் வேர் மூச்சடைத்து, சில வருஷத்தில் மரம் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அளவு நாடாவோடு கோயில் வாசலில் இருப்பேன். ஒவ்வொரு மரத்தையும் அளந்து, படம் எடுத்து, நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் கொடுக்கப் போகிறோம். பழைய லயத்துக்காரர்கள் வாருங்கள். எந்த மரம் எங்கே நின்றது என்று உங்களுக்குத்தான் தெரியும்.