பேசும்படம் தாமதமானதற்குத் தொழில்நுட்பம் மட்டுமா காரணம்?
ஜப்பானியத் திரைப்படம் பற்றிய இந்தக் கட்டுரையில், அங்கே பேசும்படம் வேரூன்றத் தாமதமானதற்குத் தொழில்நுட்பப் பின்னடைவே காரணம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஷோச்சிகு திரைப்பட நிறுவனத்துக்காக கொஷோ ஹெய்னொசுகே இயக்கிய பேசும்படம் 1931-லேயே வெளிவந்து வெற்றி பெற்றிருந்தும், அதன் பிறகு பல ஆண்டுகள் அங்கே மௌனப்படங்கள் தொடர்ந்து எடுக்கப்பட்டதற்கு, மௌனப்படம் ஓடும்போது திரைக்கு அருகே நின்று கதை சொன்ன பென்ஷிகளின் செல்வாக்கும் ஒரு முக்கியக் காரணம். (இயக்குநர் ஓஸு 1936 வரை பேசும்படம் எடுக்காததற்கு, தம் ஒளிப்பதிவாளர் உருவாக்கிவந்த ஒலிப்பதிவு முறைக்காகக் காத்திருந்தது என்ற தனிக் காரணமும் உண்டு, அந்த அளவுக்குக் கட்டுரையாளரின் கூற்றில் உண்மை இருக்கிறது.) பென்ஷி வெறுமனே காட்சிகளுக்கிடையே திரையில் வரும் எழுத்து அட்டைகளைப் படித்துக்காட்டியவர் என்று அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒரு நண்பர் எழுதியிருப்பதும் சரியன்று. எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் மாற்றிப் பேசி, காட்சிக்குத் தம் விளக்கத்தையும் சேர்த்த அவர்களை நம்பியே தொடக்ககாலப் படங்களில் எழுத்து அட்டைகள் குறைவாகவும் காட்சிகள் நீளமாகவும் அமைந்தன. படங்கள் இப்படிப் பென்ஷியையும் மேடை மரபையும் சார்ந்திருந்ததை எதிர்த்துத்தான் 1910-களில் 'தூய திரைப்பட இயக்கம்' என்ற சீர்திருத்த முயற்சியில் ஈடுபட்டவர்கள், பெண்வேடமிடும் ஆண் நடிகர்களுக்குப் பதிலாக நடிகைகளையும், கூடுதல் எழுத்து அட்டைகளையும் கோரினர். பழைய ஜப்பானிய மௌனப்படம் ஒன்றை முதலில் ஓசையின்றியும், பிறகு பென்ஷி குரல் பதிவுடனும் பார்த்தேன். முதல் முறை இழுவையாகப்பட்ட அதே நீண்ட காட்சிகள், இரண்டாம் முறை அந்தக் குரலுக்கென்றே விடப்பட்ட இடங்களாகத் தெரிந்தன.