உப்புக்காத்து மேல போட்ட பழி

ரெண்டு வாரமா உப்புக்காத்தத் திட்டிக்கிட்டு இருந்தேன், கடைசில பாத்தா தப்பு பூரா நான் எழுதுன கோட்ல.

மண்டபத்துல தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் நண்டு, கணவா எடுக்குற கம்பெனி வச்சிருக்காரு. எலக்ட்ரானிக் தராச லேப்டாப்ல மாட்டி எடை நேரா பில்லுல விழுற மாதிரி சி ஷார்ப்ங்கிற ப்ரோக்ராமிங் மொழியில ஒரு ப்ரோக்ராம் எழுதிக் குடுத்தேன். அடுத்த படகு வர்றதுக்குள்ள லேப்டாப் தூங்கிரும், முழிச்சா தராசு லைன் செத்துக் கெடக்கும், சரி தூங்குறதையும் முழிக்கிறதையும் விண்டோஸே நமக்குச் சொல்லட்டும்னு பவர்ரிஜிஸ்டர்சஸ்பெண்ட்ரெஸ்யூம்நோட்டிஃபிகேஷன்ல (பாம்பன் பாலம் நீளத்துக்குப் பேரு) என் கால்பேக்க, அதாவது விஷயம் நடந்ததும் விண்டோஸ் கூப்பிட வேண்டிய என் ஃபங்ஷன, பதிஞ்சு விட்டேன். வீட்ல பத்து தடவ மூடித் தெறந்தேன், அருமையா ஓடுச்சு. கடையில ரெண்டு தடவ ஓடும், மூணாவது தடவ ப்ரோக்ராமையே காணோம். எரர் பாக்ஸ் கூட வரல. எரரப் புடிக்கிற ட்ரை கேட்ச் போட்டேன், அதுலயும் சிக்கல.

"கச்சான் காத்து அடிக்குதுல்ல தம்பி, ஒயர்ல உப்பு ஏறியிருக்கும்"னாரு அண்ணன். நானும் நம்பி ரெண்டு கேபிள் மாத்துனேன்.

அப்புறம்தான் புத்தி வந்து விண்டோஸ்ல என்ன நடந்துச்சுன்னு பதிவு காட்டுற ஈவென்ட் வியூவரத் தெறந்தேன். கார்பேஜ் கலெக்ட் ஆகிப்போன (குப்பைன்னு மெமரியில இருந்து கூட்டித் தள்ளுன) டெலிகேட்ட (ஃபங்ஷனச் சுட்டுற பொருள்) கூப்பிட்டாங்கன்னு, சி ஷார்ப் ப்ரோக்ராம ஓட்டுற டாட் நெட் பச்சையா எழுதி வச்சிருக்கு! விஷயம் இதுதான், நம்ம ஃபங்ஷன விண்டோஸ்கிட்ட குடுத்தா அது அட்ரஸ மட்டும்தான் வாங்கி வச்சுக்கும். விண்டோஸ் அத வச்சிருக்குன்னு கார்பேஜ் கலெக்டருக்குத் தெரியாது, நம்ம கோட்லயும் அந்த டெலிகேட்ட யாரும் புடிச்சிருக்கல, அதனால குப்பைன்னு கூட்டித் தள்ளிருது. வீட்ல வெறும் ப்ரோக்ராம் சும்மா கெடந்ததால கலெக்டர் எட்டியே பாக்கல, கடையில பில்லு மேல பில்லா விழவும் வந்து கூட்டிருச்சு. சந்தேகம் தீர கலெக்டர அப்பவே ஓட வைக்கிற ஜிசி டாட் கலெக்ட்டக் கூப்பிடுற பட்டன் ஒண்ணு வச்சேன், அமுக்கிட்டு லேப்டாப்ப மூடித் தெறந்தா வீட்லயே படுத்துருச்சு. டெலிகேட்ட, ப்ரோக்ராம் ஓடுற வரைக்கும் சாகாத ஸ்டாட்டிக் ஃபீல்டுல போட்டு வச்சேன், ஒரே வரி, தீந்துச்சு.

கால்பேக் வரலன்னா எடுத்த எடுப்புல விண்டோஸ் பக், ஆன்டிவைரஸ் வேலன்னு நம்மாளுங்க ஆரம்பிச்சிருவாங்க, நானும் அந்தக் கூட்டந்தான். மொதல்ல அந்த ஃபங்ஷன நீ கையில புடிச்சிருக்கியான்னு பாருய்யா. ஆளுங்களுக்குக் குடுக்குற ரிலீஸ் பில்டுல ஓட்டிப் பாரு, தப்பு தேடுறதுக்கான டீபக் பில்டுல லோக்கல் வேரியபிள் ஃபங்ஷன் முடியுற வரைக்கும் உசுரோட இருக்குறதால இந்த மாதிரி தப்பெல்லாம் ஒளிஞ்சுக்கும்.

இன்னொரு கூத்து, லேப்டாப் முழிக்கும்போது கால்பேக்குக்கு 18ன்னு ஒரு நம்பர் வரும், ஆளு வந்து முழிக்க வச்சா பின்னாடியே 7ம் வரும். நான் ரெண்டுக்கும் தராசு மாட்டுன போர்ட்டத் தெறந்தேன், ரெண்டாவது தடவ ஆக்சஸ் டினைட்னு மூஞ்சில அடிச்சுச்சு. இப்ப கால்பேக்குள்ள முழிச்சாச்சுன்னு ஒரு கொடிய (ஃப்ளாக்) மட்டும் தூக்கிட்டு வெளிய வந்துருவேன், போர்ட்ட ஒரு டைமர் பாத்துத் தெறக்கும்.

அண்ணன் இப்பவும் "கேபிள் மாத்துனதுதான் சரியாச்சு"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காரு. கேபிள் காசு மட்டும் இன்னும் வரல.