துசேனை அழித்ததில் என்ன நடுநிலை?

அந்தச் சட்டை விவகாரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மிலான் குளிர்கால ஒலிம்பிக்கில் கரீபியன் நாடான ஹைட்டியின் வீரர்கள் போடவேண்டிய உடையில், அந்நாட்டு அடிமைகளின் விடுதலைப் போருக்குத் தலைமை தாங்கிய துசேன் லூவர்த்தூர் குதிரைமேல் இருந்தார். அரசியல் சின்னம் கூடாது என்றது ஒலிம்பிக் கமிட்டி. கையால் வண்ணம் பூசி ஆளை மறைத்தார்கள், குதிரை மட்டும் நின்றது. கமிட்டிமேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, அந்த மாதிரி இடங்கள் அப்படித்தான். கோபம் வந்தது நம் ஆட்கள்மேல். நாலு புத்தகம் படித்தவர்கள், "விதின்னா விதிதானே, விளையாட்டில் எதுக்கு அரசியல்" என்று எழுதினார்கள். ஒருவர் இன்னும் ஒரு படி போய், "சுதந்திரம் வாங்கி என்னத்தைக் கிழித்தார்கள், இன்றைக்கு அந்த நாட்டைப் பாருங்கள்" என்றார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்த வரிசையில் எனக்கு ரொம்ப நாள் பழக்கமான இரண்டு பேரும் இருந்தார்கள். அதைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சிரித்தவர்களுக்குச் சொல்கிறேன். அந்தச் சுதந்திரத்தை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. அடிமைகளாக இருந்தவர்கள் தாங்களே சண்டை போட்டு எடுத்தார்கள். எடுத்ததற்குத் தண்டமும் கட்டினார்கள். இந்த இரண்டும் தெரியாமல் ஹைட்டியின் ஏழ்மையைப் பேசுவது அநியாயம்.

ஹைட்டி ஒரு தீவின் மேற்குப் பகுதி. அதற்கு அப்போது சான் தொமிங் என்று பெயர். பிரான்சின் தங்கச் சுரங்கம். ஐரோப்பா தின்ற சர்க்கரையில் ஏறக்குறைய 40 சதவீதம், குடித்த காபியில் பாதிக்கு மேல் அங்கிருந்து போனது. 1789இல் அங்கே சுமார் 5 லட்சம் அடிமைகள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். பிறப்பைவிடச் சாவு அதிகம், அதனால் கப்பல் கப்பலாக ஆள் கொண்டுவந்துகொண்டே இருந்தார்கள். கரும்பாலையில் ராத்திரி முழுக்க உருளைக்குக் கரும்பு ஊட்டவேண்டும். தூக்கக் கலக்கத்தில் விரல் மாட்டினால் கையே உள்ளே போய்விடும். அதனால் பக்கத்திலேயே ஒரு கோடாலி வைத்திருப்பார்கள். உருளையை நிறுத்த அல்ல, கையை வெட்ட. ஓடிப்போனவனுக்கு என்ன தண்டனை என்று 1685இலேயே பிரெஞ்சு ராஜா சட்டம் போட்டுவிட்டார். ஒரு மாதம் தலைமறைவாக இருந்தால் காதை அறுத்துத் தோளில் சூடு. இரண்டாவது தடவை முழங்காலுக்குப் பின்னால் உள்ள நரம்பு வெட்டு. மூன்றாவது தடவை மரணம்.

இப்படி இருந்தவர்கள் 1791 ஆகஸ்டில் புவா கைமான் என்ற இடத்தில் ராத்திரி கூடிப் பேசினார்கள். ஒரு வாரத்தில் வடக்குச் சமவெளியின் தோட்டங்கள் பற்றி எரிந்தன. தலைமை தாங்கிய பூக்மானை நவம்பரில் கொன்று தலையைக் கம்பத்தில் வைத்தார்கள். பூக்மான் தலையைப் பார்த்தால் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள்போல. அடங்கவில்லை.

"அதெல்லாம் பிரெஞ்சுப் புரட்சியின் எதிரொலிதானே" என்று ஒருவர் நிச்சயம் வருவார். நான் படித்த பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் ஒரு வரி: 1794இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. தேர்வுக்கு நானும் அதையே எழுதி மார்க் வாங்கினேன். யார் ஒழிக்க வைத்தது என்று அந்த வரியில் இல்லை. மனிதர்கள் எல்லோரும் சமம் என்று பாரிஸ் அறிவித்தது 1789இல். அடிமைகளை விடுவிக்க அதற்கப்புறம் நாலரை வருஷம் ஆனது. நடுவில் சான் தொமிங்கில் இரண்டு வருஷம் கிளர்ச்சி ஓடிவிட்டது. பிரான்சுக்கு ஒரு பக்கம் ஸ்பெயின் எதிரி, இன்னொரு பக்கம் இங்கிலாந்து எதிரி. கறுப்பர்கள் தன் பக்கம் வராவிட்டால் தீவே போய்விடும் என்ற நிலையில்தான் பிரெஞ்சு ஆணையர் சொன்தொனாக்ஸ் 1793 ஆகஸ்டில் வடக்கில் விடுதலையை அறிவித்தார். பாரிஸ் 1794 பிப்ரவரியில் அதற்கு முத்திரை குத்தியது. தீவு முன்னால் போனது, பாரிஸ் பின்னால் வந்தது. எதிரொலி என்றால் பாரிஸ்தான் எதிரொலி.

அப்புறம் 1802இல் அதே பிரான்ஸ், நெப்போலியன் கையில், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க வந்தது. மைத்துனர் லெக்லெர் தலைமையில் பெரும்படை. பேச்சுவார்த்தைக்கு வாருங்கள் என்று துசேனை அழைத்து, வந்த இடத்தில் பிடித்துக் கட்டிக் கப்பலேற்றினார்கள். பிரான்சின் ழூரா மலையில் ஒரு கோட்டை, குளிர்காலம், சிறை அறை. வெயில் நாட்டில் வாழ்ந்த அந்த மனிதர் 1803 ஏப்ரல் 7 அன்று அங்கேயே செத்தார். ஊர் விடுதலையானதை அவர் பார்க்கவில்லை. குளிரில் சாகடித்தவரைக் குளிர்கால விளையாட்டுச் சட்டையிலும் இருக்க விடவில்லை என்பதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

"மஞ்சள் காய்ச்சல்தான் ஜெயித்தது, அவர்கள் இல்லை" என்பது அடுத்தது. காய்ச்சல் வந்தது உண்மை, லெக்லெரே அதில்தான் போனார். ஆனால் மழைக்காலம் வரும்வரை எதிரியை மலைக்குள் இழுத்தடித்தது யார்? 1803 நவம்பர் 18, வெர்த்தியேரில் பீரங்கிக் குண்டுக்கு எதிரே கோட்டைமேல் ஏறியது காய்ச்சலா? கப்புவா என்ற தளபதியின் குதிரை குண்டு பட்டு விழுந்தது, எழுந்து கத்தியோடு ஓடினார். எதிரிப் படையே சுடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பாராட்டியது என்று சொல்வார்கள். 1804 ஜனவரி 1 அன்று கொனாயீவ் நகரில், துசேனின் தளபதியாக இருந்த தெஸ்ஸலின் விடுதலையை அறிவித்தார்.

உடனே, "தெஸ்ஸலின் வெள்ளையர்களைக் கொன்றாரே" என்பீர்கள். கொன்றார். 1804இல் ஆண், பெண், குழந்தைகள் என்று ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதை நான் மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் 1802இல் லெக்லெர் நெப்போலியனுக்கு எழுதிய கடிதத்தையும் சேர்த்துப் படியுங்கள். மலையில் உள்ள கறுப்பர்களை ஆண் பெண் பாராமல் ஒழிக்கவேண்டும், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் விடலாம் என்கிறார். அவருக்குப் பின் வந்த ரோஷாம்போ கியூபாவிலிருந்து வேட்டை நாய்களை வரவழைத்து மனிதர்கள்மேல் ஏவினார். நெப்போலியன் படையில் வந்து பக்கம் மாறிய போலந்துக்காரர்களுக்கு தெஸ்ஸலின் குடியுரிமையே கொடுத்தார், அது 1805 அரசியல் சட்டத்தில் இருக்கிறது. தெஸ்ஸலின் பெயரைச் சொன்னதும் முகம் சுளிப்பவர்கள் லெக்லெருக்கும் ரோஷாம்போவுக்கும் ஒருநாளும் சுளித்து நான் பார்த்ததில்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்டால், நான் காரைக்கால்காரன். சில வருஷத்துக்கு முன் பிரான்சின் கரீபியன் தீவான குவாதலூப்பிலிருந்து ஒரு அம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. கையில் பழைய ஒப்பந்தத் தாளின் நகல், பிளாஸ்டிக் உறையில். அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், காரைக்காலில் கப்பலேறிய தேதி. பிரெஞ்சு எழுத்தில் சிதைந்துபோன அந்தப் பெயரை எங்கள் பெரியப்பா வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தக் குவாதலூப்பில்தான் 1802இல் நெப்போலியன் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். எதிர்த்தவர்களை நசுக்கிவிட்டார்கள், அங்கே விடுதலை வர 1848 ஆனது. வந்ததும் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். குவாதலூப்பில் நடந்தது ஹைட்டியில் நடக்காததற்கு ஒரே காரணம், ஹைட்டிக்காரர்கள் ஜெயித்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு சிரியுங்கள் பார்ப்போம்.

சரி, "இன்றைக்கு அந்த நாட்டைப் பாருங்கள்." பார்ப்போம். 1825இல் பிரெஞ்சு ராஜா பத்தாம் சார்லஸ் 14 போர்க்கப்பல்களை ஹைட்டிக்கு அனுப்பினார். 500க்கு மேல் பீரங்கிகள். கூடவே ஒரு உத்தரவு: உங்கள் சுதந்திரத்தை ஏற்கிறோம், எங்கள் தோட்ட முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் இழப்பீடு கொடுங்கள், 5 தவணை. எதற்கு இழப்பீடு? நிலத்துக்கு மட்டுமில்லை, அடிமைகளுக்கும். தன் உடம்புக்கு விலை போட்டு, தன்னை அடித்தவனுக்கே கொடுக்கவேண்டும். முதல் தவணை 3 கோடிக்கே காசில்லை. அதையும் பிரெஞ்சு வங்கியிடமே கடன் வாங்கினார்கள். வங்கி 60 லட்சத்தைக் கமிஷனாக எடுத்துக்கொண்டு 2 கோடியே 40 லட்சம்தான் கொடுத்தது. 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனாலும் அதற்காக வாங்கிய கடன், கடனை அடைக்க வாங்கிய கடன் எல்லாம் முடிந்தது 1947இல். நமக்குச் சுதந்திரம் வந்த அதே வருஷம். காபி விற்ற காசு பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் போகவேண்டியது, நூறு வருஷத்துக்கு மேல் கப்பலேறிப் போனது. ஜெயித்தவன் தோற்றவனுக்கு நஷ்டஈடு கட்டிய கதை இது.

"அவர்கள் தலைவர்களே கொள்ளையடித்தார்களே, துவாலியே குடும்பம் இல்லையா?" அடித்தார்கள். 1957 முதல் 1986 வரை அப்பனும் மகனும் நாட்டைச் சூறையாடினார்கள். அதற்காக அதற்கு முந்தைய கொள்ளைக்கு மன்னிப்பா? எந்த நாட்டில்தான் திருடன் ஆளவில்லை?

2003இல் அதிபர் அரிஸ்தீத் அந்தப் பணத்தை இன்றைய மதிப்பில் 2,100 கோடி டாலருக்கு மேல் கணக்குப் போட்டுத் திருப்பிக் கேட்டார். 2004 பிப்ரவரியில் பதவியே போய் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். 2025இல், அந்த உத்தரவின் 200ஆம் ஆண்டில், பிரெஞ்சு அதிபர் மக்ரோன் வரலாற்றாசிரியர்களைக் கொண்டு ஒரு கூட்டு ஆணையம் அமைப்பதாக அறிவித்தார். ஆராயட்டும். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆணையம் போட்டு ஆராயும் அளவுக்குப் பெரிய விஷயம், சட்டையில் வரையக்கூடாத அரசியலா? அந்த மனிதர் இல்லாவிட்டால் அப்படி ஒரு நாடும் இல்லை, கொடி பிடித்து வர அந்த வீரர்களும் இல்லை. இதையெல்லாம் படித்துவிட்டும் "விதின்னா விதிதானே" என்பவர்களோடு எனக்குப் பேச எதுவும் இல்லை.

அமெரிக்கா மட்டும் யோக்கியமா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. 1862 வரை ஹைட்டியை ஒரு நாடாகவே ஏற்கவில்லை. 1914 டிசம்பரில் கடற்படை வீரர்கள் இறங்கி ஹைட்டி தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அடுத்த வருஷம் நாட்டையே பிடித்து 1934 வரை வைத்துக்கொண்டார்கள். அதைத் தனியாக எழுதுகிறேன்.