படத்தைப் போட விடுங்கய்யா!

சனிக்கிழமை ராத்திரி. சாப்பாடு முடிஞ்சு பாயும் விரிச்சாச்சு. பிள்ளைங்களுக்காக 'ஜானி இங்கிலீஷ்'ங்கற உளவாளி காமெடிப் படத்தைப் போடப் போறேன். விமர்சகர்கள் தீர்ப்பைத் திரட்டிப் போடற சைட்டைப் பார்க்க மச்சான் போனைத் தூக்கிட்டார். "மாப்ளே, ராட்டன் டொமேட்டோஸ்ல இதுக்கு வெறும் 33 பர்சன்ட். வேற பாரு."

வேற பார்த்தோம். பார்த்தோம், பார்த்தோம், ஒன்றரை மணி நேரம் லிஸ்ட்டையே உருட்டினோம். அந்தப் படமே 88 நிமிஷம்தான்! பிள்ளைங்க தூங்கிடுச்சுங்க.

யோவ், அந்த 33 மார்க் இல்லைய்யா! நூறு விமர்சகர்ல 33 பேர் 'தேறும்'னு சொன்னாங்கன்னு அர்த்தம், அவ்ளோதான். அத்தனை பேரும் "சுமார், ஒரு தடவை பார்க்கலாம்"னு சொன்னா நூத்துக்கு நூறு விழும். பாதிப் பேர் வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சு, மீதிப் பேர் மூஞ்சியைச் சுளிச்சா 50தான். இதைப் போய் பரீட்சைப் பேப்பர் மாதிரி நீட்டறார் மனுஷன்.

2003ல படம் வந்தப்போ, ஜேம்ஸ் பாண்ட் நையாண்டி பழசு, காரம் பத்தலைன்னு விமர்சகர்கள் எழுதினாங்க. படத்தோட கதையை எழுதினவங்கள்ல ரெண்டு பேர் யாருன்னு பார்த்தா நீல் பர்விஸும் ராபர்ட் வேடும். முந்தின வருஷம் நிஜ பாண்ட் படமான 'டை அனதர் டே'வை எழுதின அதே கை! கிரெடிட் கார்டு விளம்பரத்துல பிறந்த கேரக்டர்தான், இல்லேங்கல. வில்லன் ஜான் மால்கோவிச்சோட பிரெஞ்சு உச்சரிப்பு காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரிதான், அதையும் ஒத்துக்கறேன்.

ஆனா அந்த இடுகாட்டு சீன்? திருடனுங்க வண்டின்னு நினைச்சு வேற ஒரு சவ ஊர்தியைத் துரத்திட்டுப் போய், நிஜமாவே அழுதுட்டிருக்கற ஜனங்களைப் பார்த்து நக்கல் அடிப்பார் ஹீரோ ரோவன் அட்கின்சன். தப்பு பண்ணிட்டோம்னு உறைக்கற அந்த நொடியில அந்த மூஞ்சி போற போக்கு இருக்கே! கூட வந்த உதவியாளன், இவரை ஆஸ்பத்திரியிலேர்ந்து தப்பிச்ச மனநோயாளி மாதிரி காட்டிக் கூட்டிட்டுப் போவான். வசனமே புரியாத என் அம்மா இதுக்குக் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாங்க. அவங்க சிரிப்பை எந்தத் தக்காளியில எண்ணினீங்க?

2011லயும் 2018லயும் அடுத்தடுத்த பாகங்கள் வந்துச்சு. விமர்சகர்கள் அதே உதட்டைப் பிதுக்கினாங்க. மூணு படமும் தலா 15 கோடி டாலருக்கு மேல வசூல்.

வர்ற சனிக்கிழமை ரிமோட் என் மடியில. வைஃபை பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். மச்சான் கேட்டா, பிள்ளைங்ககிட்ட 'தெரியாது'ன்னு சொல்லச் சொல்லியிருக்கேன்.