மரத்தில் தொங்கும் ஒடின்: அந்தப் படம் வைக்கிங்குகள் வரைந்தது அல்ல

பழங்கால ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வணங்கிய கடவுள் ஒடின். அவர் மரத்தில் தொங்கும் படத்தைப் பகிர்ந்து, "வைக்கிங்குகள் வரைந்தது, ரூன் எழுத்துகளுக்காகக் கண்ணைக் கொடுத்த காட்சி" என்கிறார்கள். இரண்டுமே தவறு. அதை வரைந்தவர் டென்மார்க் ஓவியர் லோரன்ஸ் ஃப்ரோலிக், ஆண்டு 1895. வைக்கிங் காலம் முடிந்து எட்டு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

கதையும் குழம்பிவிட்டது. ஒடின் கண்ணைக் கொடுத்தது மீமிர் என்ற ஞானியின் கிணற்றில், அறிவு தரும் ஒரு வாய் நீருக்காக. மரத்தில் நடந்தது வேறு. ஹாவமால் என்ற பழம்பாடலில், ஈட்டிக் காயத்தோடு, அன்னம் தண்ணீர் இல்லாமல், ஒன்பது இரவுகள் காற்றில் ஆடியபடி தொங்குகிறார். தன்னைத் தனக்கே பலியாகக் கொடுத்தேன் என்கிறார். எவ்வளவு உக்கிரமான கற்பனை! பிறகு கீழே உற்றுப் பார்த்து, அலறிக்கொண்டே ரூன்களை எடுத்து, விழுகிறார். கண்ணைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.