சா கலோப்ராவுக்கு விடியற்காலையிலேயே கிளம்புங்கள்

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் சைக்கிள் மிதிக்க ஜூலை, ஆகஸ்ட் ஏற்ற மாதங்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரையும் அப்போது அனுப்பாதீர்கள். டிரமுன்டானா மலைச்சாலைகளில் நிழல் குறைவு, சுண்ணாம்புப் பாறை வெயிலை அப்படியே முகத்தில் அடிக்கும். மார்ச் கடைசியிலிருந்து மே வரை போனால் மலை ஏறுவதே தனி சுகம்.

அங்கே கடலோரம் இறங்கும் சா கலோப்ரா மலைச்சாலையை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே, மனசு கேட்கவில்லை! மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம், இங்கே முதலில் கடல்வரை இறங்க வேண்டும். திரும்பும் ஏற்றம் சுமார் 9.5 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 7 சதவீதம். உச்சிக்குச் சற்றுக் கீழே சாலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தன் மேலேயே பாலமாக ஏறிப் போகும். பொறியாளர் அன்டோனியோ பரியெட்டி 1930களில் போட்ட பாதை அது. பெரும்பாலும் கைவேலை! மலையைக் குடையாமல் அதன் வளைவோடு வளைந்து போயிருக்கிறார். எனக்கு அதன் அழகே அதுதான்.

பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக இறங்கும். குறுகலான வளைவுகளில் ஒதுங்கக்கூட இடம் இருக்காது. அதற்குள் மேலே ஏறிவிடுங்கள். கீழேயே பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள், ஏறும் வழியில் கடை கிடையாது. லுயுக் மடாலயத்துக்குப் பக்கத்துக் கணவாயில் பெட்ரோல் பங்க்கோடு ஒரு காபிக் கடை உண்டு, எல்லாச் சைக்கிள்காரர்களும் அங்கேதான் நிற்பார்கள்.

இன்னொன்று, சோயர் ஊருக்குப் போகும் சுரங்கப்பாதையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய கணவாய்ச் சாலைதான் வழி. கட்டுரையில் அதையும் சேர்த்துவிடுங்கள்.